தில்லையம்மாள் வைத்த ராடு ஹோல்டர்

சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைத்தது திரைச்சீலைக் கம்பியை ஜன்னலில் மாட்டுகிற பித்தளைக் கொக்கி. தில்லையம்மாள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னாங்க?"

"நீங்கதானம்மா ராடு ஹோல்டர் கேட்டீங்க? கர்ட்டன் ராடு மாட்டுற ஹோல்டர். ஜோடியாத்தான் வரும்."

"எங்க போட்டுக்கு ஜன்னலே கெடையாதுங்களே!"

கடைக்காரர் விழித்தார். கடலில் போகிற போட், அதில் தூண்டில் ராடை நிறுத்தி வைக்க ஒரு ஹோல்டர் என்று அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியானால் எதிர்க் கடையில் கேளுங்கள் என்றார். எதிர்க் கடை எலக்ட்ரிக் கடை. அங்கே கிடைத்தது குண்டு பல்பு ஹோல்டர். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை அச்சில் போட முடியாது.

தில்லையம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிள்ளைக்குக் கிழக்கே, உப்பனாற்றங்கரையில் இருக்கும் குப்பத்திலிருந்து தினமும் காலை அன்னக்கூடை நிறைய மீனோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவாள். ஏறியதும் பின்படியருகே அவளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். மீன் வாடைக்குப் பயந்து ஜனங்கள் ஒதுங்குகிறார்களா, அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்குகிறார்களா என்பது கண்டக்டருக்கே தெரியாது. பிறந்தது கடலூர் முதுநகரில். அண்ணன் ராஜமாணிக்கம் அங்கே உடைந்த ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடும் பட்டறையில் வேலை செய்கிறார். பத்தொன்பது வயதில் அத்தை மகன் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு கிள்ளைப் பக்கம் வந்தாள். இப்போது, அதாவது 2009 கடைசியில், அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பிளஸ் டூ படிக்கிற ஒரே மகள் சிந்துஜா.

சிங்காரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் கரையில் போட் ஓட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முகத்துவாரத்தில் மண்மேடு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும். அவர் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார் என்பார்கள். 2008 ஆடியில் ஒருநாள் நங்கூரக் கயிறு இடது கையில் சுற்றிக்கொண்ட நேரம் பார்த்து ஒரு பெரிய அலை போட்டைத் தூக்கிப்போட்டது. நான்கு விரலும் போயிற்று. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

புண் ஆறியபின் இரண்டு முறை கடலுக்குப் போனார். தம்பி கண்ணாயிரமும் இன்னும் இரண்டு பேரும் வலை இழுத்தார்கள். இவரும் எழுந்து ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, "நீ சும்மா ஒக்காரு அண்ணே" என்றான் தம்பி. அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் "சும்மா" சிங்காரத்தின் நெஞ்சில் குத்திவிட்டது. அதோடு கரையில் உட்கார்ந்தவர்தான். காலையில் டீ, பகலில் டிவி, சாயங்காலம் டிவி. போட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கார்த்திகை மாதத்தில் கண்ணாயிரம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. கடலூர் ஆர்பர்ல ஒரு செட்டு ஆளுங்க தொழிலுக்குக் கூப்புடறாங்க. போட்டோட வரச் சொல்றாங்க. போட்டு அண்ணன் பேருல இருக்குது. அண்ணனோ போவல. நானும் எத்தினி நாளைக்கி அடுத்தவன் போட்ட ஓட்டற மாதிரி ஓட்டறது?"

"உங்க அண்ணன் போவலன்னு யாரு சொன்னா?"

"சரி அண்ணி, மாசி மகம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அண்ணன் தானா போட்ட எடுத்துகிட்டுப் போயி மீனோட வந்துட்டா, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா மகம் முடிஞ்ச மறுநாளு ஓட்டிகிட்டுப் போயிடறேன்."

உள்ளேயிருந்து சிங்காரத்தின் குரல் வந்தது. "எடுத்துக்கடா. இன்னிக்கே எடுத்துக்க."

 விரல் போனபோதுகூடத் தில்லையம்மாளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை. போட் போனால் இந்த மனுஷன் அந்த டிவி முன்னாலேயே மக்கிப்போய்விடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொழுந்தனைப் பார்த்து, "மகம் வரைக்கும்னு உன் வாயால சொல்லிட்ட. அதுவரைக்கும் போட்டு மேல கை வெக்காத" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வழி ஒன்றும் தெரியாது. வலைக்கு நான்கு பேரும் எட்டுக் கையும் வேண்டும். கைத்தூண்டிலுக்கும் இரண்டு கை வேண்டும். நூலை ஒரு கை இழுக்க, ஒரு கை பிடிக்க. ஒற்றைக் கையால் கடலில் என்ன செய்ய முடியும்?

வழி கிடைத்தது சிதம்பரத்தில் அவள் வாடிக்கையாக மீன் கொடுக்கும் சுப்பராயலு சார் வீட்டில். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். துபாயிலிருந்து மகன் அனுப்பிய தூண்டில் ராடு ஒன்று, நூல் சுற்றுகிற சக்கரத்தோடு, நாலு வருஷமாக அவர் வீட்டு வராந்தாவில் தொங்கியது. "நீயாவது எடுத்துகிட்டுப் போம்மா. அதுல பல்லிதான் முட்ட போடுது" என்று அவர் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் ஒரு படம்: போட்டின் பின்பக்கம் இரண்டு பக்க விளிம்பிலும் குழாய்க்குள் ராடுகள் சொருகி நிற்கின்றன. வெள்ளைக்காரன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான்.

அந்தக் கட்டிய கையைத்தான் தில்லையம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராடைப் பிடிக்க அவனுக்குக் கையே வேண்டியிருக்கவில்லை! குழாய் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு கை எஞ்சினை ஓட்டலாம். மீன் மாட்டினால் அதே கை சக்கரத்தைச் சுற்றலாம். அந்தக் குழாயின் பெயர் ராடு ஹோல்டர் என்று சிந்துஜா படித்துச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவள் கடை கடையாக ஏறி இறங்கி, திரைச்சீலைக் கொக்கியும் பல்பு ஹோல்டரும் பார்த்தது.

கடையில் கிடைக்காவிட்டால் என்ன, செய்துகொள்ளலாம். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் அறுத்து, கரையில் நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் சாய்வாகக் கட்டி, ராடைச் சொருகினாள். சிங்காரத்தைக் கைப்பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"மாமா, நான்தான் மீனு. நான் ஓடறேன். நீங்க சுத்தி இழுங்க."

"ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா? ஊரு பாக்குது."

"பாக்கட்டும். சுத்துங்க!"

நூல் முனையைத் துண்டில் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் ஓடினாள் தில்லையம்மாள். லேசான உடம்பு இல்லை அவளுக்கு. பத்தடி ஓடியதுமே ராடு குழாய்க்குள் திரும்பிக்கொண்டது. சக்கரம் தலைகீழாகப் போய்விட்டது. சிங்காரத்தின் கைக்கு அகப்படவில்லை. இன்னும் ஐந்தடி ஓடினாள். படீரென்று குழாய் பிளந்து ராடு மணலில் விழுந்தது. கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"முடிஞ்சிதா உன் கூத்து?" என்று சிங்காரம் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் மணலிலேயே உட்கார்ந்து ராடைத் துடைத்தாள். துடைக்கும்போதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அடித்தண்டின் முகத்தில் கூட்டல் குறி போல ஒரு வெட்டு இருந்தது. எதற்காக இருக்கும்? அழகுக்கா? அடியில் போய் யாராவது அழகு பண்ணுவார்களா? பக்கத்தில் கிடந்த ஈர்க்குச்சியை அந்த வெட்டில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. குச்சியைப் பிடித்துக்கொண்டு ராடைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. அட! குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பி இருந்தால் ராடு அதன்மேல் கப்பென்று உட்காரும், எந்த மீன் இழுத்தாலும் திரும்பாது.

இன்னொன்றும் அப்போது அவளுக்குப் புரிந்தது. மற்றவர்கள் மீன் மாட்டியதும் ராடை ஹோல்டரிலிருந்து உருவி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது ராடு சும்மா நிற்கிற இடம், அவ்வளவுதான். இவருக்கோ ராடை உருவவே முடியாது. மாட்டியதிலிருந்து மீன் கரை சேரும்வரை அது அங்கேயே நின்று பிடிக்க வேண்டும். படத்தில் இருக்கிற மாதிரி செய்தால் போதாது. இவர் கைக்கென்றே செய்ய வேண்டும்.

எங்கே வைப்பது? அதற்குப் போட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தக் கரையில் பெண்பிள்ளைகள் தொழில் போட்டில் கால் வைக்கும் வழக்கம் கிடையாது. மறுநாள் கடலுக்குப் போகாமல் கரையேற்றிக் கிடந்த போட் அருகே தில்லையம்மாள் போய் நின்றபோதே கண்ணாயிரம் ஓடி வந்தான்.

"அண்ணி, வேணாம். பொம்பள ஏறக்கூடாது."

"கடல்ல மெதந்தாத்தான் அது போட்டு. இப்ப இது வெறும் தொட்டி. மஞ்சத்தண்ணி தெளிக்கணுமா, தாராளமா தெளி. நான் எறங்கினப்பறம் தெளி."

ஏறிவிட்டாள். ஏறி எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கந்தல் துணியை எடுத்தாள். தன் இடது கையின் நான்கு விரலையும் மடக்கி, கட்டைவிரலை மட்டும் விட்டு, பல்லால் கடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு வலது கையால் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தாள். விட்டாள். இல்லாத ராடைச் சுற்றிப் பார்த்தாள். படத்தில் இருந்த மாதிரி இடது பக்க விளிம்பில் வைத்தால், பின்பக்கம் பார்த்துத் திரும்பும்போது சக்கரத்தின் கைப்பிடி தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது. வெளியே சாய்ந்துதான் சுற்ற வேண்டும். சாயும்போது விழாமல் பிடித்துக்கொள்ள இடது கையை நீட்டினாள். கட்டிய கை விளிம்பில் வழுக்கியது. அவள் தடுமாறி போட்டுக்குள்ளேயே விழுந்தாள்.

ஒன்றரை வருஷமாக இந்தக் கையோடு இந்த மனுஷன் சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறார், சோறு பிசைந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.  எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"அங்க இல்ல."

சிங்காரம் கீழே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. அவர் பார்வை அவளுடைய கட்டிய கைமேல் இருந்தது.

"அங்க வெச்சா தண்ணியிலதான் விழுவ. வலது பக்கம் வெக்கணும். அப்பத்தான் சக்கரம் உள்பக்கம் வரும்."

"எனக்கென்ன தெரியும், நான் என்ன போட்டா ஓட்டறேன்? ஏறி வந்து காட்டுங்க."

 சிங்காரம் வலது கையை விளிம்பில் ஊன்றி ஒரே தாவலில் ஏறினார். தன் இடத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி, மடக்கி, இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளி ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க. ஒண்ணு போதும். ரெண்டு வெச்சா ரெண்டையும் பாக்க முடியாது" என்றார். அவள் அடுப்புக் கரியால் அங்கே ஒரு கோடு போட்டாள். சந்தோஷத்தில் கோடு கோணலாகிவிட்டது.

சிதம்பரத்தில் மாடிப்படிக் கைப்பிடி செய்கிற ஸ்டீல் பட்டறை வைத்திருந்தவன் ஆரோக்கியராஜ். அவனுக்கு ராடையும் அடி வெட்டையும் காட்டினாள். எவ்வளவு சாய்வு என்று கேட்டான். முழங்கையை மடக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இவ்ளோ" என்றாள். அவன் அளந்துகொண்டான். அப்போதுதான் அவள் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்தாள்.

"தம்பி, நல்ல ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது. எனக்குத் தெரியும். என்ன ஏமாத்தலாம்னு பாக்காத."

ஒவ்வொரு பைப்பாக வைத்துப் பார்த்தாள். ஒட்டாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆரோக்கியராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் காந்தத்தை அவன் கண்முன் ஆட்டியதும் மூடிக்கொண்டான். நான்கு நாளில் பளபளவென்று ஹோல்டர் தயார். அடியில் குறுக்குக் கம்பி. ராடை வைத்தால் கப்பென்று உட்கார்ந்தது.

முதுநகரிலிருந்து ராஜமாணிக்கம் பொருத்த வந்தார். துளைபோடும் மெஷினைக் கண்டதும் சிங்காரம் குறுக்கே நின்றார்.

"மச்சான், போட்டுல ஓட்ட போட்டா அது போட்டா, சல்லடையா?"

"விளிம்புலதான் மச்சான் போடறேன், தண்ணி ஏறாத எடம். அடியில பலக வெச்சி, மேல ஃபைபர் மேட்டுத் துணியும் ரெசின் பசையும் போட்டு கெட்டியாக்கிட்டுத்தான் போல்ட்டு முடுக்குவேன். பலக இல்லாம முடுக்குனா ஒரு பெரிய மீனு ஹோல்டரையும் விளிம்பையும் சேத்து பேத்துகிட்டுப் போயிடும்."

பொருத்தி ஆயிற்று. தில்லையம்மாள் மறுபடி மீனாகி மணலில் ஓடினாள். இந்த முறை ராடு வில்லாக வளைந்தது, ஆனால் திரும்பவில்லை. சிங்காரம் ஒற்றைக் கையால் சுற்றச் சுற்ற அவள் பின்னோக்கி இழுபட்டு வந்து போட்டின் மேல் முட்டிக்கொண்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிங்காரம்தான் சிரித்தார்.

கடலுக்குப் போக நல்ல காற்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காற்றைத்தான் பார்க்கிறாரா, மனசைத் தேற்றிக்கொள்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. அப்படியே இரண்டு வாரம் ஓடிற்று. மாசி மகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது போட்டைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹோல்டரில் பழுப்புப் பழுப்பாகத் துரு. பற்றவைத்த இடத்தில், அந்தக் குறுக்குக் கம்பியைச் சுற்றி, ஆணியால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது.

ஹோல்டரைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனாள். பட்டறையில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏமாத்திட்டியே பாவி! துரு புடிக்காத ஸ்டீலுன்னு நம்பித்தான வந்தேன்!"

"யக்கா, சத்தம் போடாதீங்க. காந்தத்துல ஒட்டாததுலயே ரெண்டு மூணு தரம் இருக்குது. இது வூட்டு மாடிப்படிக்குப் போடறது. உப்புக் காத்துல நிக்காது."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"எங்க சொல்ல வுட்டீங்க? காந்தத்த எடுத்துகிட்டு வந்து நீங்கதான எனக்குப் பாடம் நடத்துனீங்க!"

தில்லையம்மாள் ஹோல்டரைத் திரும்பக் கூடையில் போட்டாள். தப்பு தன்னுடையது. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆரோக்கியராஜ் சமாதானமாக, தேய்த்துவிட்டால் துரு போய்விடும், ஆறு மாதம் ஓடும் என்றான்.

"மாடிப்படின்னா தேச்சிக்கலாம் தம்பி. இத நம்பி எங்க வூட்டுக்காரர் ஒத்தக் கையோட கடலுக்குப் போறாரு. நடுக்கடல்ல உட்டுப்போச்சின்னா மறுபடி அவரு போட்டுல ஏறவே மாட்டாரு. எந்த ஸ்டீல் நிக்கும், அத மட்டும் சொல்லு."

அவன் ஒரு அட்டையில் மூன்று இலக்க எண் ஒன்றை எழுதிக் கொடுத்தான். கடல் சாமான்களுக்குப் போடுகிற தரம், சிதம்பரத்தில் கிடைக்காது, ஆர்பர் பக்கம் கேட்டுப் பாருங்கள் என்றான். அன்றே கடலூர் போனாள். அவளும் ராஜமாணிக்கமும் முதுநகரில் போட் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார்கள். காந்தத்தை அவள் எடுத்துப் போகவே இல்லை. பைப்பின் மேல் அந்த எண் அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். மறுநாள் மத்தியானம், ஒரு விசைப்படகுக்குப் போட்டது போக மிச்சமான மூன்றடித் துண்டு ஒன்று கிடைத்தது. அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். இடிபட்டவர்கள் எல்லாரும் திட்டினார்கள். ஒருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா என்று கண்டக்டரே கேட்டுவிட்டார்.

ஆரோக்கியராஜ் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே பற்றவைத்தான். அந்த ஸ்டீலுக்கென்றே தனி வெல்டிங் கம்பி வாங்கி வந்து பற்றவைத்தேன் அக்கா என்று தானாகவே சொன்னான். மகத்துக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள் சாயங்காலம் ராஜமாணிக்கம் பழைய துளைகளிலேயே போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார்.

மகத்துக்கு முந்தின நாள். கிள்ளையில் பந்தல் போட்டாகிவிட்டது. கடலில் தீர்த்தவாரிக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. மகத்தன்று யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். இன்றைக்கு விட்டால் கிடையாது. விடிகிற நேரத்தில் சிங்காரம் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, "வரேன்" என்றார். அவ்வளவுதான். கரையில் நாலு பேர் போட்டைத் தள்ளிவிட்டார்கள். ஒரு கையாலேயே எஞ்சினைக் கிளப்பி, மண்மேட்டைச் சுற்றி வளைத்து, முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

தில்லையம்மாள் அன்று சந்தைக்குப் போகவில்லை. அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எட்டு மணிக்கு மற்ற போட்டுகள் வர ஆரம்பித்தன. ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. கண்ணாயிரம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனும் வீட்டுக்குப் போகவில்லை. பத்தரைக்கு அவள் எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். நானே அனுப்பி வைத்துவிட்டேனே! அந்த மனுஷன் பேசாமல் டிவி பார்த்துக்கொண்டு உயிரோடு இருந்தாரே! போட்டாவது கீட்டாவது, எவனாவது எடுத்துக்கொண்டு போகட்டும், இவர் திரும்பி வந்தால் போதும் என்று அவள் மனசுக்குள் பெருமாளிடம் பேரம் பேசினாள்.

"அண்ணி! அதோ!"

போட் தெரிந்தது. ஆனால் நத்தையாக ஊர்ந்தது. எஞ்சின் கெட்டுவிட்டதா? கண்ணாயிரம் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தான்.

"ராடு வளைஞ்சிருக்குது அண்ணி. தண்ணியில என்னமோ இழுத்துகிட்டு வராரு."

ராடு பின்பக்கம் பார்த்து வளைந்து நின்றது. ஹோல்டரில் இருந்தபடியே நின்றது. சிங்காரம் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பி நூலையும் முன்னால் மண்மேட்டையும் பார்த்தபடி, அங்குலம் அங்குலமாக ஆற்றுக்குள் வந்தார். இடுப்பளவு ஆழம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, கரையே அதிரும்படி கத்தினார்.

"வஞ்சிரம்டீ! ஏழு மணிக்கே மாட்டிகிச்சி! போட்டு கிட்டக்க வரைக்கும் சுத்தி இழுத்துட்டேன், கொக்கி போட்டுத் தூக்க இன்னொரு கையில்ல. ரெண்டு வாட்டி கொக்கி போட்டேன், ரெண்டு வாட்டியும் நழுவிடுச்சி. அறுத்துவுட மனசு வரல. அப்பிடியே இழுத்துகிட்டே வந்துட்டேன்!"

அவர் பேசி முடிப்பதற்குள் தில்லையம்மாள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். புடவையாவது ஒன்றாவது. நூலைத் தடவிக்கொண்டே போய், வெள்ளியாய்க் கிடந்த மீனை வாலோடு சேர்த்து இரண்டு கையாலும் பற்றினாள். பத்துக் கிலோவுக்குக் குறையாது. செத்துக் கிடந்தாலும் கனம் கனம்தானே. கண்ணாயிரமும் பின்னாலேயே இறங்கினான். ஆனால் அவன் மீனிடம் வரவில்லை. நேரே போட்டருகே போய், ஹோல்டரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது இம்மியும் அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணே."

"என்னடா."

"மகம் முடிஞ்ச மறுநாளு..."

சிங்காரத்தின் முகம் இறுகியது. "மறுநாளு என்னா?"

"கொக்கி போட ஒரு ஆளு வேணுமில்ல? நான் வரட்டா?"

 சிங்காரம் வளைந்த ராடைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"வா. ஆனா எஞ்சின் கைப்புடிய நீ தொடக்கூடாது."

"தொடல."

"ராடையும் தொடக்கூடாது. நான் சொன்னாத்தான் கொக்கி."

"சரிண்ணே. அப்ப அந்த ஆர்பர் செட்டுகாரனுக்கு நான் என்னா பதில் சொல்லட்டும்?"

"அத நீ பேசிக்க. என்ன கேக்காத."

"கேக்கல. ஆனா மகத்துக்கு அவனும் வருவான், அப்ப..."

"ஏம்பா, ரெண்டு பேரும் மொதல்ல இந்த மீனத் தூக்குங்க!" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கத்தினாள் தில்லையம்மாள். "பஞ்சாயத்த அப்பறமா வெச்சிக்கலாம், என் கை வழுக்குது!"